பெயர் பெற்ற கல்லூரியா, பிடித்த பாடமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேர்க்கைக் காலம் வந்தால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் கேட்பது ஒரே கேள்விதான். பெரிய கல்லூரியில் இடம் கிடைக்கிறது, ஆனால் கேட்ட பாடம் இல்லை. கேட்ட பாடம் கிடைக்கிறது, ஆனால் அந்தக் கல்லூரியின் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. எதை எடுப்பது? வருகிறவர் மாறுவார், கேள்வி மாறாது. சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: கல்லூரியா, பாடமா?

இரண்டு பாடங்களும் ஒன்றுக்கொன்று பங்காளிகளா, அந்நியர்களா என்று முதலில் பாருங்கள். மின்பொறியியலும் மின்னணுவியலும் பங்காளிகள். கணிதமும் புள்ளியியலும் அப்படித்தான். பொருளாதாரமும் வணிகவியலும் ஒன்றுவிட்ட உறவு. பங்காளிப் பாடங்கள் என்றால் நல்ல கல்லூரியை எடுங்கள். முதல் ஓரிரு ஆண்டுகளில் படிக்கப்போவது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், பின்னால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதும் பெரிய கஷ்டமில்லை. ஒரு பக்கம் உளவியல், இன்னொரு பக்கம் உலோகவியல் என்றால் பாடத்தை எடுங்கள். நான்கு ஆண்டுகள் தினமும் காலையில் எழுந்து போய் உட்காரப்போவது கல்லூரியின் பெயருக்கு முன்னால் இல்லை, அந்தப் பாடத்துக்கு முன்னால்.

இன்னொன்றும் உண்டு. "கல்லூரியில் படிக்கிறேன்" என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் படிப்பது ஒரு துறையில். பத்துப் பதினைந்து ஆசிரியர்கள், இரண்டு மூன்று லேப், ஐம்பது அறுபது வகுப்புத் தோழர்கள், அவ்வளவுதான் உங்கள் கல்லூரி. பெயர் பெற்ற இடத்திலும் நோஞ்சான் துறைகள் உண்டு. பெயரே தெரியாத இடத்தில் ஒரு துறை மட்டும் அட்டகாசமாக இருப்பதும் உண்டு. ஆகவே ஒப்பிட வேண்டியது இந்தத் துறையையும் அந்தத் துறையையும்.

பெரிய கல்லூரியில் படித்தால் சம்பளம் கூடும் என்கிறார்களே?

கூடுகிறது என்று எண்கள் சொல்லும். ஆனால் அங்கே சேர்கிறவர்கள் ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவர்கள். கல்லூரியால் சம்பளம் கூடியதா, இந்தப் பிள்ளைகள் எங்கே படித்திருந்தாலும் அதே சம்பளம் வாங்கியிருப்பார்களா? இதைப் பிரித்துப் பார்ப்பதுதான் வேலை.

அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2002-இல் இதற்கு ஓர் உத்தியைக் கையாண்டார்கள். ஒரே மாதிரியான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரியான இடங்களில் அனுமதி பெற்ற மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் சிலர் பெரிய கல்லூரிக்குப் போனார்கள், சிலர் சாதாரணக் கல்லூரிக்குப் போனார்கள். பிற்கால வருமானத்தைப் பார்த்தால் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு இருந்தது. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி உண்மையாகவே கைகொடுத்தது. பெற்றோர் அதிகம் படிக்காதவர்களுக்கும் அப்படித்தான் என்று அடுத்து வந்த ஆய்வில் தெரிந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. வீட்டிலேயே நாலு பேரைத் தெரிந்தவனுக்குக் கல்லூரி புதிதாக யாரையும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. யாரையும் தெரியாதவனுக்கு அந்தப் பெயர்தான் அறிமுகக் கடிதம்.

இதோடு முடிந்தால் நன்றாக இருக்கும், முடியவில்லை. சிலி நாட்டில் சேத் ஸிம்மர்மன் செய்து 2019-இல் வெளியான ஆய்வு கிட்டத்தட்ட நேர்மாறாகச் சொல்கிறது. அங்கே உச்சத்திலிருக்கும் வணிகப் படிப்புகளில் சேர்ந்ததால் நிறுவனங்களின் தலைமைப் பதவி கிடைக்கும் வாய்ப்பு கூடியது உண்மைதான். ஆனால் அந்தப் பலன் போய்ச் சேர்ந்தது கட்டணம் அதிகமான தனியார் பள்ளிகளிலிருந்து வந்த ஆண்களுக்கு மட்டுமே. பெண்களுக்கும் மற்றப் பள்ளிகளிலிருந்து வந்தவர்களுக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. ஒரே வகுப்பு, ஒரே பட்டம், ஆனாலும் கிடைத்தது வேறு.

2023-இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் மூவரும் ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் உள்ளிட்ட 12 அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை எடுத்துப் பார்த்தார்கள். நல்ல அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்களோடு ஒப்பிட்டால் சராசரி வருமானத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. வருமானத்தில் உச்சியிலுள்ள 1% பேருக்குள் நுழையும் வாய்ப்பு மட்டும் சுமார் பாதியளவு கூடியது.

இந்த மூன்றையும் வைத்து நான் சொல்வது இதுதான்: பெயர் ஒரு லாட்டரிச் சீட்டில் கூடுதலாக இரண்டு எண்களைத் தருகிறது. அன்றாட வாழ்க்கைக்கான சம்பளத்தை அது அவ்வளவாக மாற்றுவதில்லை. ஆனால் வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவர் இதைக் கேட்டுவிட்டுப் பெயரை அலட்சியம் செய்ய வேண்டாம். அவருக்குத்தான் அது அதிகம் உதவக்கூடியது.

அப்படியானால் பாடம் சம்பளத்தை மாற்றுமா?

நன்றாகவே மாற்றும். நார்வேயில் கிட்டத்தட்ட எல்லாச் சேர்க்கையும் ஒரே மையத்தின் வழியாக, மதிப்பெண் வரிசையில் நடக்கும். கட்டாஃபுக்கு ஒரு புள்ளி மேலே இருந்தவருக்குக் கேட்ட பாடம் கிடைத்திருக்கும், ஒரு புள்ளி கீழே இருந்தவருக்கு இரண்டாவது விருப்பம் கிடைத்திருக்கும். மற்றபடி இருவரும் ஒரே மாதிரி ஆட்கள். இதை வைத்து கிர்க்போன், லூவன், மாக்ஸ்டாட் ஆகிய மூவர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தால் வரும் வருமான வித்தியாசம் பெரிது என்றும், எந்தக் கல்லூரி என்பதால் வரும் வித்தியாசம் அதற்கு முன்னால் சிறியது என்றும் தெரிந்தது.

ஆனால் நான் அதில் முக்கியமாக நினைப்பது வேறொன்று. ஒரு பாடத்தின் பலன் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. மாணவர்கள் பெரும்பாலும் தங்களுக்குக் கைவரும் பாடத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள், அதனால்தான் அது அவர்களுக்குப் பலன் தந்தது. எதிர்வீட்டுப் பையன் கணினி படித்துச் சம்பாதிப்பது அவனுக்குக் கணினி வருவதால். உங்களுக்கும் வருமா என்பது தனிக் கேள்வி.

இப்போது சூடாக இருக்கும் துறையை எடுத்தால் தப்பில்லையே?

தப்பில்லை, சூடு எவ்வளவு நாள் தாங்கும் என்று தெரிந்து எடுங்கள். கணினி, பொறியியல் போன்ற படிப்புகளின் சம்பள முன்னிலை வேலையில் சேரும் நாளில்தான் உச்சத்தில் இருக்கிறது, பிறகு வேகமாகக் குறைகிறது என்று டெமிங்கும் கதீம் நோரேயும் 2020-இல் காட்டினார்கள். அந்தத் துறைகளில் கற்ற கருவிகள் சீக்கிரம் பழசாகிவிடுகின்றன. பழசாகப் பழசாகப் புதிதைக் கற்றுக்கொண்டே இருக்கும் ஆசை உள்ளவருக்கு இது பிரச்சினையே இல்லை. சம்பளத்துக்காக மட்டும் நுழைந்தவருக்கு முப்பது வயதில் மூச்சு வாங்கும்.

தரவரிசைப் பட்டியலில் மேலே இருக்கும் கல்லூரியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாமா?

கண்ணைத் திறந்துகொண்டு, அந்தப் பட்டியல் எதை அளக்கிறது என்று படித்துவிட்டு எடுங்கள். உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் க்யூஎஸ் பட்டியலில் பல ஆண்டுகளாகப் பாதி மதிப்பெண் கருத்துக்கணிப்புகளுக்குப் போனது. கல்வியாளர்களிடம் கேட்டதற்கு 40%, வேலை தருகிறவர்களிடம் கேட்டதற்கு 10%. 2024 பட்டியலிலிருந்து அது 30%, 15% என்று மாறியது. அதாவது, பெயர் இருப்பதால் பட்டியலில் மேலே வரும், பட்டியலில் மேலே வந்ததால் பெயர் வரும். 2003 முதல் வெளிவரும் இன்னோர் உலகப் பட்டியலான ஷாங்காய் பட்டியலில் முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்ற நோபல் பரிசுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பரிசுக்கும் மொத்தம் 30%. நோபல் வாங்கிய பேராசிரியர் உங்கள் முதலாண்டு வகுப்புக்கு வரப்போகிறாரா என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது.

பட்டியல் போடுகிறவர்களுக்குக் கல்லூரிகள் கொடுக்கும் தகவலே பிசகாக இருப்பதும் உண்டு. 2022-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், தன் பல்கலைக்கழகம் அனுப்பிய புள்ளிவிவரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கேள்வி கேட்டார். வகுப்பின் அளவு முதல் பலவும் பொருந்தவில்லை. அந்த ஆண்டே அமெரிக்கக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் யூ.எஸ். நியூஸ் பட்டியலில் கொலம்பியா 2-ஆம் இடத்திலிருந்து 18-க்கு இறங்கியது. ஒரு கணக்கு வாத்தியார் உட்கார்ந்து சரிபார்த்ததற்கே இந்தக் கதி! பல்கலைக்கழகம் அந்த ஆறு மாதத்தில் கெட்டுப்போகவில்லை என்பதையும் கவனியுங்கள். அங்கே படித்தவர்களுக்கு எதுவும் மாறவில்லை.

பட்டியலை ஒரு வடிகட்டியாக வைத்துக்கொள்ளலாம். 20-ஆம் இடத்துக்கும் 200-ஆம் இடத்துக்கும் வித்தியாசம் இருக்கும். 20-க்கும் 27-க்கும் இடையே குழம்புவது வீண்.

வேலைவாய்ப்பு 100% என்று கையேட்டில் போட்டிருக்கிறார்களே?

எதில் 100 என்று கேளுங்கள். பல இடங்களில் "பதிவு செய்த, தகுதி பெற்ற" மாணவர்களில் எத்தனை பேர் என்றுதான் கணக்கு. அரியர் வைத்தவர், மேற்படிப்புக்குப் போகிறவர் எல்லோரையும் கழித்துவிட்டால் எந்த எண்ணையும் நூறாக்கலாம்.

சராசரிச் சம்பளம் என்பதும் அப்படித்தான். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஆளுக்கு 4, ஒருவருக்கு மட்டும் 64 கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 10 என்று விளம்பரம் வரும். அந்தப் பத்தை வாங்கியவர் அந்த அறையிலேயே இல்லை. ஆகவே வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்கியது என்ன என்று கேளுங்கள், அதாவது இடைநிலைச் சம்பளம். அதையும் கல்லூரி முழுவதற்கும் இல்லாமல், நீங்கள் சேரப்போகும் துறைக்கு மட்டும் கேளுங்கள். தரத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

எனக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதினேழு வயதில் தெரியாமல் இருப்பது சகஜம். "பிடிக்கும்" என்று சொல்கிறவர்களில் பலருக்கும் பிடித்தது அந்தப் பாடத்தை நடத்திய பள்ளி ஆசிரியரைத்தான்.

நான் சொல்லும் வழி ஒன்றுதான். இரண்டு துறைகளின் மூன்றாம் ஆண்டு வினாத்தாளையும் தேடி எடுங்கள். முதலாண்டுத் தாள் வேண்டாம், அது எல்லாருக்கும் பொதுவான கணிதமும் மொழியுமாக இருக்கும். மூன்றாம் ஆண்டில்தான் துறையின் சொந்த முகம் தெரியும். விடை தெரிய வேண்டியதில்லை. சும்மா படியுங்கள், எந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள ஆசை வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

ஒரு பெண் இரண்டு சேர்க்கைக் கடிதங்களோடு வந்தாள். ஒன்று பெயர் பெற்ற இடத்தில் கணினி அறிவியல். இன்னொன்று சாதாரணக் கல்லூரியில் நுண்ணுயிரியல். கணினியை எடுக்கலாம் என்று என் வாயால் கேட்கத்தான் வந்திருந்தாள். இரண்டு தாள்களையும் நீட்டினேன். கணினித் தாளை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு மடித்து வைத்தாள். மற்றதில், பாக்டீரியாவின் வளர்ச்சி வளைகோட்டை வரைந்து விளக்கு என்று ஒரு கேள்வி. பாக்டீரியா எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று கேட்டாள். ஈ.கோலை என்றால் வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை என்றேன். மேசையிலிருந்த பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் 72 என்று எழுதினாள். ஒரு நாளில் எழுபத்திரண்டு தடவை இரட்டிப்பு. "அப்படியென்றால் ஒரே நாளில் எல்லாம் நிரம்பிவிடுமே, ஏன் நிரம்பவில்லை?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். அந்தக் கேள்விக்கான விடைதான் அந்த வளைகோடு. கணினித் தாளைத் திரும்ப எடுக்கவேயில்லை.

எல்லோருக்கும் இவ்வளவு தெளிவாக அமையாது. இரண்டு தாளும் ஒரே மாதிரி அலுப்பூட்டினால், இரண்டில் எதிலும் உங்களுக்குப் பெரிய ஆசை இல்லை என்று அர்த்தம். அப்போது தாராளமாகப் பெயரைப் பார்த்து எடுக்கலாம்.

முதலில் பெரிய கல்லூரிக்குள் நுழைந்துவிட்டு, அப்புறம் பாடத்தை மாற்றிக்கொள்ளலாமா?

இந்த நம்பிக்கையில் சேர்ந்தவன் நான். முதலாண்டில் நல்ல மதிப்பெண் எடுத்தால் துறை மாற்றித் தருவோம் என்றார்கள். பொய் சொல்லவில்லை, விதியில் இருந்தது. ஆனால் அதே விதியை நம்பி என்னைப் போல் அறுபது பேர் சேர்ந்திருந்தோம். நாங்கள் கேட்ட துறையில் அந்த ஆண்டு காலியான இடங்கள் இரண்டு. மீதி மூன்று ஆண்டுகள் நான் எதைப் படித்தேன் என்று இப்போது கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

இது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பல கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டு முடிவில்தான் முதன்மைப் பாடத்தை அறிவிக்க வேண்டும். அங்கேகூட பொறியியல், கணினி போன்ற கூட்டமான துறைகளுக்குத் தனி வாசல் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. இங்கிலாந்தில் யூகாஸ் என்ற பொது விண்ணப்ப மையத்தின் வழியாக ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கும்போதே எந்தப் படிப்பு என்று சொல்லிவிட வேண்டும். மெல்பர்ன் பல்கலைக்கழகம் 2008 முதல், இளநிலையில் விரிந்த சில பட்டங்களை மட்டும் வைத்து, பல தொழில் படிப்புகளை முதுநிலைக்குத் தள்ளிவிட்டது. முடிவைத் தள்ளிப்போட விரும்புகிறவருக்கு இந்த அமைப்பு நல்லது.

"மாற்ற முடியுமா?" என்று கேட்காதீர்கள், முடியும் என்றுதான் சொல்வார்கள். போன ஆண்டு எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேளுங்கள்.

பெரிய கல்லூரியில் கடைசி வரிசையா, சின்னக் கல்லூரியில் முதல் வரிசையா?

ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1980-களிலிருந்து இதை ஆராய்ந்தார். ஒரே திறமை உள்ள இரண்டு மாணவர்களில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் படிப்பவருக்குத் தன் திறமையைப் பற்றிய மதிப்பு குறைவாக இருக்கிறது. 26 நாடுகளின் பள்ளி மாணவர்களிடம் பார்த்தபோதும் இதே போக்குதான். குளத்தில் பெரிய மீனாக இருந்தவர் கடலுக்குப் போனதும் தன்னைச் சுண்டுவிரல் மீனாக நினைக்கத் தொடங்குகிறார்.

இதைப் பார்த்துப் பயந்து குளத்திலேயே இருங்கள் என்று சொல்ல மாட்டேன். கெட்டிக்காரத் தோழர்களிடம் கற்றுக்கொள்வது பாடப்புத்தகத்தில் கிடைக்காது. பிடித்த பாடமாக இருந்தால் கடைசி வரிசையிலும் தாக்குப்பிடிக்கலாம். பிடிக்காத பாடம், கடைசி வரிசை இரண்டும் சேர்ந்தால்தான் ஆபத்து. நான் பார்த்தவரை படிப்பைப் பாதியில் விட்டவர்களில் பலர் அந்தக் கூட்டணியில் சிக்கியவர்கள்.

மருத்துவம், சட்டம், கட்டடக்கலை போன்றவற்றுக்கும் இதே கணக்கா?

இல்லை. உரிமம் வாங்கிச் செய்ய வேண்டிய தொழில்களில் பாடம்தான் வாசல். எவ்வளவு பெரிய இடத்தில் உயிரியல் படித்தாலும் அது உங்களை மருத்துவராக்காது. அப்படிப்பட்ட தொழில்தான் வேண்டும் என்றால், அங்கீகாரமுள்ள சாதாரணக் கல்லூரியே போதும். பொறியியலிலும் ஒன்றைக் கவனியுங்கள். 1989-இல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கையின் கீழ் நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வது அங்கீகாரம் பெற்ற படிப்புகளை. கல்லூரியின் பெயர்ப்பலகை அதில் வராது. நீங்கள் சேரும் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

இப்போது ஒன்றைப் படித்துவிட்டு, மேற்படிப்பில் மாறலாமா?

மாறியவர்கள் நிறையப் பேர். வெங்கி ராமகிருஷ்ணன் பரோடாவில் இயற்பியல் படித்தார். ஓஹாயோ பல்கலைக்கழகத்தில் 1976-இல் இயற்பியலிலேயே முனைவர் பட்டமும் வாங்கினார். அதன் பிறகுதான் உயிரியல் பக்கம் திரும்பி, சான் டியேகோவில் மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தார். 2009-இல் நோபல் கிடைத்தது வேதியியலுக்கு! அப்துல் கலாமும் திருச்சியில் இயற்பியல் முடித்த பிறகே விமானப் பொறியியலுக்கு வந்தார்.

இயற்பியல், கணிதம் போன்ற அடிப்படைப் பாடங்களிலிருந்து மற்றவற்றுக்கு இறங்கிப் போவது எளிது, திரும்பி ஏறுவது கஷ்டம். பின்னால் மாறலாம் என்ற எண்ணம் இருந்தால் அடிப்படைப் பாடத்தையே எடுங்கள். மேற்படிப்புக்குப் போகிறவருக்கு இளநிலைக் கல்லூரியின் பெயரும் மெல்ல மங்கிவிடும், கடைசியாக வாங்கிய பட்டத்தைத்தான் எல்லோரும் கேட்பார்கள்.

கடன் வாங்கித்தான் பெரிய கல்லூரிக்குப் போக வேண்டும். போகலாமா?

பங்காளிப் பாடங்கள் என்றால் கடன் வாங்காமல் படிக்க முடிகிற இடத்தையே நான் சொல்வேன். கடன் இருப்பவர் முதலில் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். பெரிய பெயர் தரும் நல்ல பலனே வேலையைப் பொறுக்கி எடுக்கும் சுதந்திரம்தான், அது கடனோடு போய்விடும்.

அப்பா கல்லூரிப் பெயரில் நிற்கிறார், நான் பாடத்தில் நிற்கிறேன். என்ன செய்வது?

அப்பா எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். வேலை கிடைக்காதோ என்ற பயமென்றால், அந்தத் துறையில் மூன்று ஆண்டுகளுக்கு முன் முடித்த நாலு பேரைத் தேடிப் பேசி, இப்போது என்ன செய்கிறார்கள் என்று எழுதிக் காட்டுங்கள். "எனக்குப் பிடிச்சிருக்கு" என்று நூறு தடவை சொல்வதைவிட அந்த ஒரு தாள் வேலை செய்யும். உறவினர் முன்னால் சொல்லிக்கொள்ளப் பெயர் வேண்டும் என்பதுதான் காரணமென்றால், அதற்கு என்னிடமும் மருந்தில்லை. பெற்றோருக்கும் ஒன்று: அந்த மூன்றாம் ஆண்டு வினாத்தாளை நீங்களும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.

சேர்ந்து ஒரு செமஸ்டர் ஆகிவிட்டது, தவறு செய்துவிட்டேன் என்று தோன்றுகிறது.

பாடம் பிடிக்கவில்லையா, வீட்டு ஞாபகமா, விடுதியா, பொதுத் தாள்களின் அலுப்பா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் செமஸ்டரில் துறைப் பாடம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த வகுப்பில் மட்டும் எப்படி இருந்தது என்று யோசியுங்கள். அதுவும் வேப்பங்காயாகக் கசந்தது என்றால் சந்தேகம் நியாயமானது.

துறை மாற்றம், துணைப்பாடமாக விரும்பியதைச் சேர்த்துக்கொள்வது, வேறு துறை ஆசிரியரிடம் புராஜெக்ட் செய்வது, அடுத்த ஆண்டு வேறிடத்தில் மறுபடி விண்ணப்பிப்பது என்று வழிகள் சில உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரு கடைசித் தேதி இருக்கும். சில இடங்களில் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே அது முடிந்துவிடும். எனக்கு அப்படித்தான் ஒன்று கைநழுவியது. நாளைக் காலையில் துறை அலுவலகம் திறந்ததும் போய் அந்தத் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், மாறுவதா வேண்டாமா என்பதை அப்புறம் யோசிக்கலாம்.